‘இல்லை’ என்று நான் போட்ட டிக்

செகந்திராபாத்தில் ஒரு மருத்துவமனையில் மருத்துவ ஆராய்ச்சி ஒருங்கிணைப்பாளராக வேலை பார்க்கிறேன். பதவியின் பெயர்தான் நீளம். புது மருந்தைப் பரிசோதிக்கும்போது அதற்குப் பொருத்தமான நோயாளிகளைத் தேடிச் சேர்ப்பது, அவர்களுக்கு விவரம் சொல்லிக் கையெழுத்து வாங்குவது, மாதாமாதம் வரவழைத்துக் கேள்வி கேட்டு எழுதிக்கொள்வது, இவ்வளவுதான் வேலை. ஊசி போடுவது டாக்டர். நான் எழுதுகிறவள்.

நான்கு வருடங்களுக்கு முன்னால் முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கான ஒரு ஊசி எங்களிடம் பரிசோதனைக்கு வந்தது. மூட்டுக்குள் நேராகப் போடும் ஊசி. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எல்லோருக்கும் ஒரு வருடம் முடிந்து, கணக்கெல்லாம் சரிபார்த்த பிறகுதான், யாருக்கு எது என்று எழுதி ஒட்டிய உறையைப் பிரிப்பார்கள்.

ஆள் சேரவில்லை. சிலருக்குத் தேய்மானம் போதவில்லை, சிலருக்கு அதிகம், சிலருக்குச் சர்க்கரை. மருந்து நிறுவனத்திலிருந்து வாரம் தவறாமல் போன் வரும். "இன்னும் ஒரே ஒருத்தர், மேடம்" என்பார்கள். சேர்க்கை முடிய ஒரு வாரம் இருந்தபோதுதான் எலும்பு மருத்துவப் பிரிவின் வராந்தாவில் அந்த அம்மாவைப் பார்த்தேன். போனில் யாரிடமோ, "நக்கோமா, நான் ஆட்டோலயே வந்துக்கிறேன்" என்று, ‘வேண்டாம்’ என்பதற்கு இந்த ஊர் ‘நக்கோ’ கலந்த தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கோவில்பட்டிக்காரி. உப்பலில் குடியிருந்து மெட்ரோவில் வந்து போகிறவள். நாள் முழுக்கத் தெலுங்கும் இந்தியும் பேசிவிட்டு, திடீரென்று தமிழ் காதில் விழுந்தால் கால் தானாக நின்றுவிடும். நின்றேன்.

அவர் ரயில்வே பள்ளியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் தாத்தா காலத்திலேயே வேலூர்ப் பக்கமிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட குடும்பம். கணவர் இல்லை. மெட்டுகுடாவில் மாடி வீட்டில் தனியாக இருந்தார். மகனுக்கு ஊரின் மறுகோடியில் காஞ்சன்பாக்கில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ்.

"மாடியிலிருந்து எப்படி இறங்குறீங்க ஆன்ட்டி?"

"பின்பக்கமாத்தான். ஏணியில எறங்குற மாதிரி. கீழ் வீட்டுப் பசங்க சிரிக்கிறாங்க. சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும், இன்னா பண்றது?"

ஊசி ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னதும் வருகிறேன் என்றார். அன்றைக்கே எக்ஸ்ரேயைப் பார்த்தோம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. ஒப்புதல் படிவம் தமிழில் இல்லை, தெலுங்கில் இருந்தது. தெலுங்கு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் படிக்கவில்லை. "நீ வாயால சொல்லு பாப்பா, அது போதும்" என்றார். சொன்னேன். உப்புத் தண்ணீராகவும் இருக்கலாம் என்று சொன்னேன். எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்பதையும் சொன்னேன் என்றுதான் இத்தனை நாள் எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மையில் அந்த வரியை வேகமாகத் தாண்டினேன். விமானத்தில் பாதுகாப்பு விதிகளை ஒப்பிக்கிற குரலில்.

பிறகு மூன்றாம் பக்கத்துக் கேள்வி வந்தது. அடுத்த ஒரு வருடத்துக்குள் முழங்கால் அறுவைசிகிச்சை செய்துகொள்ளும் திட்டம் உண்டா? உண்டு என்றால் சேர்க்கக் கூடாது.

"ரயில்வே ஆஸ்பத்திரியில பேரு எழுதி வச்சிருக்காங்க. எட்டு மாசம் ஆவும், பத்து மாசம் ஆவும்னாங்க. எனக்குக் கத்தின்னாலே பயம். இந்த ஊசியில சரியாயிட்டா அது எதுக்கு? நீ இன்னா சொல்ற?"

அவருடைய பதில் ‘ஆம்’ என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படிவத்தை மூடிவிட்டு, ‘ஆன்ட்டி, உங்களுக்கு இது ஒத்துவராது’ என்று சொல்லியிருக்க வேண்டும். "அப்போ இப்போதைக்குச் செய்யிற எண்ணம் இல்லைதானே?" என்று கேட்டேன்.

"ஹவ், இல்ல" என்றார். ‘ஹவ்’ என்றால் இங்கே ‘ஆமாம்’. ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டேன்.

ஊசி போட்ட மூன்றாவது வாரம் அவரே போன் செய்தார். "பாப்பா, இன்னிக்கு முன்பக்கமாவே எறங்கினேன்!" குரலில் அப்படி ஒரு சிரிப்பு. அடுத்த முறை வந்தபோது வலிக்கு எத்தனை மார்க் என்று கேட்டேன். பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது. சேரும்போது ஏழு சொன்னவர் இப்போது மூன்று என்றார். மருந்துதான் கிடைத்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். நான் போட்ட டிக் நல்லதில் முடிந்துவிட்டது, யாருக்கும் நஷ்டமில்லை என்று நிம்மதியாக இருந்தேன். சில மாதங்கள் அப்படியே ஓடின.

ஆறாவது மாதம் வந்த அன்று வராந்தா ஜன்னல் வழியாக அவர் வருவதைப் பார்த்தேன். ஆட்டோவிலிருந்து இறங்கவே ஆட்டோக்காரர் கை கொடுக்க வேண்டியிருந்தது. வாசலில் நான்கே படி. ஒவ்வொரு படியிலும் நின்று கண்ணை மூடித் திறந்தார். ஒவ்வொரு வருகைக்கும் முன் மூன்று நாள் வலி மாத்திரையை நிறுத்த வேண்டும் என்பது விதி. உண்மையான வலி எவ்வளவு என்று தெரிய வேண்டும் அல்லவா. அந்த மூன்று நாள் அவர் எப்படிக் கழித்தார் என்பது அந்த முகத்திலேயே இருந்தது.

உள்ளே வந்து உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"இப்போ எத்தனை ஆன்ட்டி?"

"மூணு போட்டுக்கோ."

பேனா கையில் இருந்தது. ‘நான் ஜன்னலில் பார்த்தேனே’ என்று சொல்லியிருக்கலாம். நோயாளி சொல்வதைத்தான் எழுத வேண்டும், நாம் திருத்தக் கூடாது என்பதும் விதிதான். அந்த விதியின் பின்னால் ஒளிந்துகொண்டு மூன்று என்று எழுதினேன். அதற்கடுத்த இரண்டு முறையும் மூன்றுதான்.

ஒன்பதாவது மாதம் அவருடைய மகன் போன் செய்தார். தமிழ் புரியும், பேச வராது. இந்தியில் பேசினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ரயில்வே ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார்களாம். அம்மா வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாராம். ஏன் என்று கேட்டதற்கு, அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாராம். "நடுவில் விலகக் கூடாது என்றா நீங்கள் அவரிடம் சொன்னீர்கள்?" என்று கேட்டார்.

அன்று மதியமே மெட்டுகுடாவுக்குப் போனேன். கதவு திறக்க வெகுநேரம் ஆனது. வீட்டுக்குள்ளேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, அதைப் பிடித்தபடி நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டுவிட்டு நேராக நிற்கப் பார்த்தார்.

"தேதி வந்ததை ஏன் சொல்லல ஆன்ட்டி?"

"சொன்னா நீ ‘போய்ப் பண்ணிக்கோ’ன்னு சொல்லுவே. ஒரு ஆளு கொறையுதுன்னு அன்னிக்கு நீதானே சொன்னே? நான் பாதியில போயிட்டா உன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?"

நான் அப்படிச் சொன்னது நினைவில்லை. ஆனால் சொல்லியிருப்பேன். அந்த வாரம் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் அதைத்தான் புலம்பிக்கொண்டிருந்தேன்.

"வலி உண்மையில எத்தனை?"

தரையைப் பார்த்தார். "எட்டு. சில நாளு ஒம்பது. கோச்சுக்காதே."

கோபித்துக்கொள்ள வேண்டியவர் என்னிடம் ‘கோச்சுக்காதே’ என்றார். டிக் போட்ட கதையை அப்போதுதான் சொன்னேன். அன்றைக்கு உங்களைச் சேர்த்திருக்கவே கூடாது ஆன்ட்டி, தெரிந்தேதான் சேர்த்தேன் என்றேன். அவர் மறுபடி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "டீ போடட்டா?" என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இருந்து, நானே போட்டுக் கொடுத்திருக்கலாம். அதுவும் தோன்றவில்லை.

மறுநாள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படிவத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தார். "எனக்குத் தெரிந்து நீ இப்படிச் செய்கிற ஆளில்லையே" என்றார். எதிக்ஸ் கமிட்டிக்குக் கடிதம் போனது. என்னை மூன்று மாதம் நோயாளிகளைச் சந்திக்காத வேலைக்கு மாற்றினார்கள். அந்த அம்மாவை ஆராய்ச்சியிலிருந்து விலக்கி, ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டரே பேசிப் பார்த்தார். வரிசையில் மறுபடி கடைசியிலிருந்துதான் வர வேண்டியிருந்தது.

அவருடைய விவரங்களை முடிவுகளில் சேர்க்கப் போவதில்லை என்பதைச் சொல்லும் பொறுப்பை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். போனில் சொன்னேன்.

"அப்போ நான் வந்தது, போனது, மாத்திரை இல்லாம கெடந்தது, எல்லாம்?"

"கணக்கில வராது ஆன்ட்டி."

"பொய் சொன்னது மூணு தடவைதான் பாப்பா. மத்ததெல்லாம் நெஜம். அதைக் கூடவா எடுத்துக்க மாட்டாங்க?"

எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். வலியைவிட, தேதியை விட்டதைவிட, அன்றுதான் அவர் உடைந்து போனார். நாலு பேருக்கு உதவும் என்று நான்தான் முதல் நாள் சொல்லியிருந்தேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர், அதை நம்பியிருக்கிறார். உண்மையைச் சொன்னதால் என் மனது கொஞ்சம் லேசானது. அந்தப் பாரம் போய் இறங்கியது அவர் தலையில்.

ஆபரேஷனுக்கு மேலும் ஏழு மாதம் ஆனது. வலது கால் நன்றாக வந்துவிட்டது. ஆனால் அதற்குள் தொடைத் தசை ரொம்பவும் மெலிந்து போயிருந்தது. சீக்கிரம் செய்திருந்தால் சீக்கிரம் நடந்திருப்பார் என்று பயிற்சி கொடுத்தவர் சொன்னதாக மகன் சொன்னார். குற்றம் சாட்டுகிற தொனியே இல்லாமல் சொன்னார்.

போன வருடம் உறை பிரித்தார்கள். அவருக்குப் போட்டது உப்புத் தண்ணீர். போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றியது. நம்பாமல் என்னையே பார்த்தார்.

"அப்போ அந்த நாலு மாசம் வலி கொறஞ்சுது நெஜம்தானே?"

"நிஜம்தான் ஆன்ட்டி. நிறைய பேருக்கு அப்படி ஆகும். உடம்பு நம்புது."

"உடம்பு நம்பலம்மா. நீ வாரா வாரம் போன் பண்ணி எப்படி இருக்கீங்கன்னு கேட்டே. அதுவா இருக்கும்." சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்தப் போன்களும் என் வேலைப் பட்டியலில் இருந்தவைதான் என்பதை மட்டும் நான் சொல்லவில்லை.

சென்ற மாதம் பேசினோம். இடது முழங்கால் இப்போது அதிகம் தொந்தரவு கொடுக்கிறதாம். மகன் அதையும் செய்துவிடச் சொல்கிறார். அவருக்கு மறுபடியும் கத்தி பயம்.

"உங்க ஆஸ்பத்திரியில வேற ஏதாச்சும் ஆராய்ச்சி இருக்கா பாப்பா? இருந்தா என்னைச் சேத்துக்கோ. இந்தத் தடவை கரெக்டா நம்பர் சொல்றேன். இதாவது கணக்குல வரட்டும்."

இருந்தது. அந்த வாரம்தான் புதிதாக ஒன்று தொடங்கியிருந்தது, முழங்காலுக்கேதான். வலது கால் ஆபரேஷன் ஆனவர்களைச் சேர்க்கலாமா கூடாதா என்று விதிகளை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை.

"இல்ல ஆன்ட்டி, இப்போ எதுவும் இல்ல" என்றேன்.

"பரவால்ல" என்றார். "வந்தா சொல்லு."

சரி என்று வைத்துவிட்டேன். அவருக்கு நல்லது என்று நினைத்துத்தான் சொன்னேன். போன தடவையும், டிக் போட்ட அந்த ஒரு நிமிடம், அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். இந்த முறையும் அவரிடம் கேட்காமல் அவருக்காக நானே முடிவு செய்துவிட்டேன். இன்னும் திரும்பக் கூப்பிடவில்லை.