அங்கிலியா ஓடினது ஆர்?

குலசேகரம் அந்தக் கதையைத் தொடங்கினால் சிவகௌரி எழும்பிக் குசினிக்குள் போய்விடுவாள். முப்பத்தேழு வருடமாக இதுதான் வழக்கம். தேத்தண்ணி போடப் போகிறாள் என்று வந்தவர்கள் நினைப்பார்கள். அவள் போவது பல்லைக் கடிக்க.

கதை என்னவென்றால், எண்பத்தெட்டாம் ஆண்டு, லண்டனுக்கு வெளியே ஒரு பழைய விமானத்தளம். கால் மைல் நீளத்துக்கு நேரான தார் ரோடு. இரண்டு கார்கள் பக்கம் பக்கமாக நிற்கும். கம்பத்தில் மேலிருந்து கீழே லைட் எரிந்து வரும், பச்சை விழுந்ததும் பறக்க வேண்டும். வளைவு இல்லை, திருப்பம் இல்லை, முதலில் மற்ற முனைக்குப் போனவர் வென்றவர். தன்னுடைய வெள்ளை ஃபோர்ட் அங்கிலியாவை அங்கே கொண்டுபோய், வெள்ளைக்காரன் ஒருவனுடைய எஸ்கோர்ட் காரை மண் கவ்வ வைத்ததாகக் குலசேகரம் சொல்வார். சொல்லும்போது கதிரையில் இருந்தபடியே கியர் மாற்றுவார். வாயால் எஞ்சின் சத்தமும் போடுவார். பிறகு அலுமாரிக்கு மேல் இருக்கும் சின்னக் கப்பை இறக்கிக் காட்டுவார். அதில் குலசேகரம் என்று பேர் வெட்டியிருக்கும்.

இருக்கட்டும். சிவகௌரியின் பாஸ்போர்ட்டிலும் குலசேகரம் என்றுதானே இருக்கிறது! கலியாணம் கட்டி இந்த நாட்டுக்கு வந்த எங்கள் பெண்கள் எத்தனையோ பேருக்குப் புருசனின் பேர்தான் குடும்பப் பேர். அன்றைக்கு அந்தக் காரை ஓடிக் கப்பை வாங்கிய குலசேகரம், சிவகௌரி குலசேகரம்.

குலசேகரம் அப்போது கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேற்றில், ரயில் பாலத்துக்குக் கீழே இருந்த ஒரு கராஜில் வேலை செய்தார். கார் திருத்துவதில் கெட்டிக்காரர், அதை மறுக்க ஏலாது. அங்கிலியாவுக்குள் பெரிய எஞ்சினை இறக்கியவர் அவர்தான். கார் ஓடத்தான் வராது. லைசன்ஸ் அவருக்கு மூன்றாம் முறை சோதனை எடுத்துத்தான் கிடைத்தது, அவளுக்கு முதல் முறையிலேயே. சிவகௌரியின் தகப்பன் சாவகச்சேரியில் ஹயர் கார் வைத்திருந்தவர். கால் எட்டிய நாளிலிருந்தே அவள் கிளச் மிதித்தவள்.

அந்த ஞாயிறு காலை மனோர் பார்க் முருகனைக் கும்பிட்டுவிட்டு, கட்டின சேலையோடு அவருக்குப் பக்கத்தில் ஏறிப் போனாள். முதல் ஓட்டத்திலேயே மனுசன் கியரை மாறிப் போட்டுக் காரைப் புல்லுக்குள் இறக்கிவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றினார். "எனக்கு இது சரிவராது, வாரும் போவம்" என்றார்.

"கொண்டாங்கோ கார்த் திறப்பை" என்றாள் சிவகௌரி.

அங்கிருந்த கழிப்பறைக்குள் போய்ச் சேலையை மடித்து வைத்துவிட்டு, அவருடைய நீல ஓவரோலைப் போட்டாள். ஹெல்மெட்டும் அவருடையது. தாலிக்கொடி ஒன்றுதான் கரைச்சல் கொடுத்தது. பெல்ட்டை இறுக்கினால் நெஞ்சில் அமத்தியது. "கழட்டித் தாருமன்" என்று அவர் சொல்ல, தாலி கட்டினவரே முன்னால் நின்று கழற்றச் சொல்கிறாரே என்று முறைத்தாள். கொடியை வெளியே இழுத்து, ஓவரோலின் மேல் சேலைக்குக் குத்தும் பின் ஊசியால் மாட்டிக்கொண்டாள். ஹெல்மெட்டுக்குள் எந்தக் குலசேகரம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. பச்சை விழுந்தது. முதுகு சீற்றோடு ஒட்டியது. தான் கத்திக்கொண்டே ஓடினது காரை நிறுத்திய பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. பின்னேரம் வரைக்கும் அவளை ஒருவராலும் முந்த முடியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோசமாக அவள் அதற்குப் பிறகு ஒரு நாளும் இருந்ததில்லை.

வீட்டுக்கு வரும்போது அவர்தான் ஓடினார். ஒரு சிவப்பு லைட்டில் நின்றபோது, "இஞ்சரும், இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும். சனம் என்ன கதைக்கும்? அம்மா அறிஞ்சால் போச்சு" என்றார். சரி, வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டுப் போவோம் என்று அவளும் நினைத்தாள். அடுத்த ஞாயிறு கோயில் வாசலில் நின்றுகொண்டு, "பச்சையைக் கண்டதும் விட்டனே ஒரு விடு!" என்று மனுசன் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அர்ச்சனைத் தட்டோடு நின்ற சிவகௌரிக்கு, தட்டில் இருந்த தேங்காயை அவர் தலையில் உடைத்தால் என்ன என்று வந்தது.

அதோடு விட்டாரா? அங்கிலியாவை அவளைக் கேளாமல் விற்றார். பிறகு வந்த கார்களில் ஒன்றின் திறப்பையும் அவள் கையில் கொடுக்கவில்லை. "உம்மட பேரையும் போட்டால் இன்சூரன்ஸ் கூடிப்போம்." ஒவ்வொரு வருடமும் இதே பல்லவி. அவள் ஆஸ்பத்திரி லோண்டரி வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்தாள். ஞாயிறுகளில் இடது பக்கச் சீற்றில் இருந்து, அவர் ரோட்டோரம் நின்ற கார்களின் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உரசிக்கொண்டு போவதைப் பார்த்தாள். "அங்காலை வெட்டுங்கோ" என்று வாய் தவறிச் சொன்னால், "கார் ஓடுறது நானோ, நீரோ?" என்பார். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றி எரியும். கறுவிக்கொண்டே இருந்தாள்.

வேலை நின்ற பிறகு மனுசனுக்குப் பழைய கார்ப் படங்களில் பைத்தியம் பிடித்தது. பழைய ரேஸ் படங்கள் போடும் ஃபேஸ்புக் குழு ஒன்றில் சேர்ந்தார். விடிந்தால் பொழுதுபட்டால் ஃபோன்தான். பெரிய பின் டயர் போட்ட பொப்புலர், மூக்கைத் தூக்கி நிற்கும் கேப்ரி, புகைக்குள் மறைந்த மினி. "என்ன வடிவு பாரும், இப்பத்தைய கார் எல்லாம் ஃபிரிட்ஜ் மாதிரி" என்று பெருமூச்சு விடுவார். அதையாவது மன்னிக்கலாம், அந்தக் கார்கள் அவளுக்கும்தான் பிடிக்கும். தன்னுடைய படம் என்று ஒன்றை அதில் போட்டாரே, அதைத்தான் மன்னிக்க ஏலவில்லை. ஓட்டம் முடிந்து அங்கிலியா திரும்பி வரும்போது கராஜ் ஆள் ஒருவர் எடுத்த படம். கறுப்புக் கண்ணாடி இறக்கின ஹெல்மெட், ஜன்னலுக்கு வெளியே உயர்ந்த பெருவிரல். கீழே வெள்ளைக்காரக் கிழவர்கள் 'லெஜெண்ட்' என்று எழுதியிருந்தார்கள். மனுசன் அதை வாசித்துக் காட்டினார், அவளுக்கே!

இந்த வருடம் அவருக்கு எழுபது. மகள் தனுஷியா செவன் கிங்ஸில் பிறந்தநாள் விருந்துக்கு ஹோல் எடுத்தாள். திரையில் போடுவதற்குப் பழைய படங்களை லாப்டொப்பில் ஏற்றி, ஒவ்வொன்றாகப் பெருப்பித்துத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தாள். அங்கிலியாப் படம் வந்தது. அது கையளவு படம், இத்தனை வருடமும் அதில் ஒன்றும் தெரிந்ததில்லை. பெருப்பித்ததும் சிவகௌரி கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். நீல ஓவரோலில், நெஞ்சுக்கு நேரே, கயிறு மாதிரி முறுக்கின தாலிக்கொடி சும்மா தகதகவென்று கிடந்தது. சேலைப் பின் ஊசி கூடத் தெரிந்தது.

லண்டனில் பிறந்த தனுஷியாவுக்கு அது ஏதோ பெல்ட்டின் வளையம். "அம்மா, what happened?" என்றாள்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. இந்தப் படத்தைக் கடைசியாப் போடு. நல்லாப் பெரிசாப் போடு. அப்பா அதுக்குப் பக்கத்திலை நிண்டு கதை சொல்லட்டும்."

"You hate that story!"

"இப்ப பிடிக்குது."

அந்தக் கிழமையே தனுஷியா இன்னொரு ரகசியத்தையும் சொன்னாள். அப்பாவுக்குப் பரிசாக ஒரு அங்கிலியா வாங்கியிருக்கிறாளாம், அதே மொடல், நிறம் மட்டும் இளநீலம். சிவகௌரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "இன்சூரன்சிலை என்ர பேரையும் போட்டுவிடு."

பிறகு விருந்துக்கு வருபவர்களுக்கு இடம் ஒதுக்கினாள். முன் மேசைக்கு யாரைப் போட்டாள் என்கிறீர்கள்? குமுதினியையும் அவளுடைய கூட்டத்தையும். குமுதினி என்றால் மனோர் பார்க்கே நடுங்கும். கோயிலில் யாருடைய கழுத்தில் புது நகை ஏறினாலும் கொடிமரத்தடியில் நின்றே கண்டுபிடித்துவிடுவாள், வாயும் சும்மா இருக்காது. அன்றிலிருந்து குலசேகரத்துக்கு வீட்டில் நண்டுக்கறியும் இறால் பொரியலும்தான். "என்ன இண்டைக்கு விசேசம்?" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். சாப்பிடட்டும் என்று அள்ளி அள்ளி வைத்தாள்.

ஞாயிறு மத்தியானம் ஹோல் நிறைந்து வழிந்தது. கேக் வெட்டி, றோல்ஸ் கொடுத்து முடிய, திரையில் அங்கிலியா வந்தது. குலசேகரம் மைக்கைப் பிடித்தார். புதுக் கோட், சாயம் பூசின தலை. "பச்சையைக் கண்டதும் விட்டனே ஒரு விடு!" என்று தொடங்கினார். தாலிக்கொடி அவர் தலைக்கு மேலே ஒரு தோரணம் மாதிரித் தொங்கியது. சிவகௌரி திரையைப் பார்க்கவில்லை. முன் மேசையைப் பார்த்தாள்.

குமுதினி கட்லட்டை வாய்க்குக் கொண்டுபோன கையை அப்படியே நிறுத்தினாள். கண்ணாடியை ஏற்றிப் போட்டாள். பிறகு எழும்பியே விட்டாள்.

"குலமண்ணை, பொறுங்கோ. உது என்ன, நீங்களோ தாலிக்கொடி கட்டியிருக்கிறியள்?"

ஹோலில் எல்லாத் தலையும் திரைக்குத் திரும்பியது. பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வெடித்தது. குலசேகரம் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் அவருடைய முகம் கருகியது. "அது வந்து... ராசிக்கு எண்டு இவளின்ரையை வாங்கிப் போட்டனான்" என்றார்.

வசமாக மாட்டினார்! "ஐயோ, நீங்கள் உயிரோடை இருக்கத் தாலியைக் கழட்டித் தந்தவவோ?" என்று குமுதினி கன்னத்தில் கை வைத்தாள். "உங்கட அம்மாவும் ஓமெண்டு விட்டவவோ?"

சிவகௌரி எழும்பி மேடைக்குப் போனாள். அவசரப்படவில்லை. கழுத்திலிருந்து கொடியைச் சேலைக்கு வெளியே எடுத்து விட்டாள். திரையில் கிடந்ததும் அதுவும் ஒன்று என்பதைக் குருடனும் சொல்வான்.

"ஒரு நாளும் கழட்டேல்லை" என்றாள். "இப்ப சொல்லுங்கோ. கார் ஓடினது நீங்களோ, நானோ?"

அவர் அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "இஞ்சரும், மானத்தை வாங்காதையும். வீட்டை போய்க் கதைப்பம்" என்றார்.

"வீட்டிலை முப்பத்தேழு வருசம் இருந்தனாங்கள். மைக்கிலை சொல்லுங்கோ."

அவர் தனுஷியாவைப் பார்த்தார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உதவிக்கு ஒருவரும் வரவில்லை.

"சிவகௌரிதான் ஓடினவ" என்றார்.

"பின்னுக்குக் கேக்கேல்லை!" என்றாள் குமுதினி.

"சிவகௌரிதான் ஓடினவ!"

கை தட்டல் எழும்பியது. சிவகௌரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பாவம் என்று ஒரு துளி கூட வரவில்லை. வரும் என்று பயந்திருந்தாள், வரவில்லை. நிம்மதியாக இருந்தது.

வெளியே இளநீல அங்கிலியா நின்றது. தனுஷியா ரிப்பன் கட்டின திறப்பை நீட்ட, பழக்கதோசத்தில் அவர் கை நீட்டினார். சிவகௌரி அதை நடுவில் எடுத்துக்கொண்டாள். ஏறி இருந்தாள். கிளச்சை மிதித்துப் பார்த்தாள், கால் மறக்கவில்லை. எஞ்சின் ஒரே முறையில் பிடித்தது.

குலசேகரம் இடது பக்கத்துக்கு ஓடி வந்து கதவை இழுத்தார். பூட்டியிருந்தது. ஜன்னலைத் தட்டினார். "கௌரி, நான்?"

அவள் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினாள். "உங்களுக்குத்தான் பஸ் பாஸ் இருக்கே."

"ஏனப்பா இவ்வளவு காலமும் சொல்லாமல் இருந்திட்டு, இண்டைக்கு இத்தனை சனத்துக்கு முன்னாலை?"

"நீங்களும் சனத்துக்கு முன்னாலைதானே சொன்னனீங்கள்" என்று ஜன்னலை ஏற்றினாள்.

வாசலில் குமுதினியின் கூட்டம் முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ரோட்டில் லைட் சிவப்பு. சிவகௌரி பின்கண்ணாடியைத் தன் கண்ணுக்கு ஏற்ற மாதிரித் திருப்பி வைத்தாள். கண்ணாடிக்குள் குலசேகரம் தெரிந்தார். புதுக் கோட்டோடு பஸ் தரிப்பில் நின்று, எண்பத்தாறாம் நம்பர் பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பச்சை விழுந்தது.