அப்பாவுக்கும் எனக்கும் ஆளுக்கொரு விமானம்

எனக்குப் பதினொரு வயது நடந்துகொண்டிருந்தபோது அப்பாவிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. அம்மாவுக்குக் கைப்பை, வீட்டுக்குச் சொக்கலேட்டும் பால்மாவும், எனக்கு இரண்டு சட்டைகள். சட்டைகளுக்கு அடியில் ஒரு மட்டைப்பெட்டி இருந்தது. அதன் மூடியில் ஒரு சண்டை விமானம் மேகத்துக்குள்ளிருந்து வெளியே வந்துகொண்டிருந்தது. மூக்கில் காற்றாடி, சிறகுகளில் சுடுகிற துவக்குக் குழாய்கள். இரண்டாம் உலகப்போரில் பறந்த விமானமாம். பெட்டியைத் திறந்தால் உள்ளே விமானம் இல்லை. சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்களில் அதன் உறுப்புகள் துண்டு துண்டாகப் பொருந்தியிருந்தன. நாங்கள்தான் வெட்டி எடுத்து ஒட்டவேண்டும்.

பெட்டைப்பிள்ளைக்கு ஏன் இதை அனுப்பினார் என்று அயலில் கேட்டார்கள். நான் தவழ்ந்து திரிந்த காலத்தில் அப்பா வெளிநாடு போனவர். எனக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆகவே தனக்குப் பிடித்ததை அனுப்பியிருந்தார். சட்டைகள் இரண்டும் எனக்குச் சின்னனாக இருந்தன.

அம்மா மூடியை ஒருமுறை பார்த்தார்.

"உது பொம்மர். வீட்டுக்குள்ளை உது வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கி அலுமாரியின் மேலே வைத்தார். அலுமாரியின் உச்சி வீட்டுக்குள் சேர்த்தியில்லை என்று நினைத்தாரோ தெரியாது.

அப்பாவும் அம்மாவும் இணுவிலில் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். அவர்கள் சிறுவர்களாக இருந்த யுத்த நாளில், குண்டு போட பொம்மர் வரும் சத்தம் கேட்டால் ஒழுங்கை முழுவதும் பதுங்குகுழியான பங்கருக்குள் இறங்கிவிடும். அம்மா காதைப் பொத்திக்கொண்டு குனிந்தே இருந்தவர். அப்பா பங்கர் வாசலால் தலையை நீட்டி, வருவது என்ன மாதிரிப் பிளேன் என்று பார்த்துத் தன் தகப்பனிடம் அடிவாங்கியவர். ஒரே சத்தத்தைக் கேட்டு வளர்ந்த இரண்டு பேர் எப்படி இவ்வளவு வேறாக இருக்கலாம் என்று எனக்கு விளங்கவில்லை. எனக்குத் தெரிந்த வானத்தில் காகமும் தைப்பொங்கல் பட்டங்களும் மட்டுமே பறந்தன.

வீட்டில் நானும் அம்மாவும் மாத்திரம். அம்மா சட்டை தைத்துக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தால் வந்தால் பொழுதுபடும்வரை மிசின் சத்தம்தான் எனக்குத் துணை. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். ஏதோ ஒரு சாப்பாட்டுக்கடையின் குசினியில் வேலை. பின்னால் கோப்பைகள் மோதும் சத்தம் கேட்கும். சாப்பிட்டாயா என்று கேட்பார், ஓம் என்பேன். படிக்கிறாயா என்று கேட்பார், அதற்கும் ஓம். அந்த இரண்டு ஓமுக்குப் பிறகு எங்களுக்குக் கதைக்க ஒன்றும் இராது. எப்போது வருவீர்கள் என்று மட்டும் நான் கேட்பேன். விசா சரிவரவில்லை, இப்போது வெளிக்கிட்டால் திரும்பிப் போகேலாது, வாற வருசம் பார்ப்பம் என்பார்.

பெட்டியை இறக்கித் தரச்சொல்லி நான் அழுதேன், சாப்பிடமாட்டேன் என்று அடம்பிடித்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. சில மாதங்களில் அதைக் கிட்டத்தட்ட மறந்தும்விட்டேன். அப்படியிருக்க, ஒருநாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, அந்தப் பெட்டி தூசி துடைத்துச் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அம்மாவின் கண்கள் சிவந்திருந்தன.

"அப்பாவுக்கு இப்ப லீவாம். அவரும் உதே மாதிரி ஒண்டு வாங்கி வைச்சிருக்கிறாராம். ரெண்டு பேரும் போனிலை பார்த்துப் பார்த்துச் செய்யுங்கோ."

என் அடம் கடைசியில் வென்றுவிட்டது என்று நினைத்தேன்.

அன்று தொடக்கம் பின்னேரங்களில் அப்பா போனில் வந்தார். ஞாயிறு மட்டுமல்ல, அநேகமாக எல்லா நாளும். எங்களுக்குப் பொழுதுபடும் நேரம் அவருக்கு மத்தியானம். நான் போனைத் தண்ணீர்ப் போத்தலில் சாத்தி வைப்பேன். அங்கே அவர் தன் கைகள் தெரியும்படி வைத்துக்கொள்வார். துண்டுகளை நகவெட்டியால் வெட்டி எடுக்க அவர்தான் காட்டித் தந்தார். அதற்கென்றே உள்ள பசையைப் பார்சலில் அனுப்ப விடவில்லையாம். நான் கடையில் வாங்கிய பசையால் ஒட்டியதில், விமானியின் தலைக்கு மேலே வரும் கண்ணாடி மூடி வெள்ளையாகப் பூத்துப்போயிற்று. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அதுக்கென்ன, உவன் பனிக்குள்ளாலை பறக்கிறான்" என்றார் அப்பா.

சிறகை ஒட்டினால் பசை இறுகும்வரை அசையாமல் பிடித்திருக்கவேண்டும். அங்கே அவர் ஒரு சிறகையும் இங்கே நான் ஒரு சிறகையும் பிடித்துக்கொண்டு சும்மா இருப்போம். கதையெல்லாம் அப்போதுதான் வந்தது. பங்கருக்குள் ஒருமுறை சாரைப்பாம்பு நின்றதைச் சொன்னார். முதன்முதல் பனி கொட்டியபோது சாமத்தில் உப்புக் கொட்டியதென்று நினைத்ததைச் சொன்னார். வகுப்பில் என்னோடு சேருகிறவர்கள் யார் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்று நான் அவருக்கு மட்டுந்தான் சொன்னேன். தனக்கும் அங்கே அப்படித்தான் என்றார். அறைக்குள் அம்மாவின் மிசின் நின்று நின்று ஓடும்.

அப்பாவுடைய மேசை எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பக்கம் மட்டும் கால்கள், அவற்றில் சக்கரங்கள், வேண்டியபடி நெஞ்சுக்குக் கிட்ட இழுத்துக்கொள்ளலாம். எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்றேன். வீட்டுக்குள் இருந்துகொண்டே கம்பளித் தொப்பி போட்டிருந்தார். குளிர் என்றார். துண்டுகள் அவருடைய கையிலிருந்து அடிக்கடி விழுந்தன. விரல் தடித்துப்போய்விட்டது என்றார். வரவர நான்தான் அவருக்கு வழிசொல்லத் தொடங்கினேன். அவர் விமானத்தின் சக்கரங்களோடு மினக்கெட்டுக்கொண்டிருக்கையில் நான் பெயின்ற் அடித்தும் முடித்துவிட்டேன். அப்பாவை முந்திவிட்டேன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பார்த்தேன். கேட்க ஆளில்லை.

அப்பாவின் அந்த மேசை ஆஸ்பத்திரி மேசை. அப்பாவுக்குப் புற்றுநோய், லீவு என்பது அதுதான். மருந்தினால் தலைமயிர் கொட்டியது, விரல்கள் மரத்தன. பிள்ளைக்குச் சொல்லவேண்டாம், அந்தப் பெட்டியை மட்டும் இறக்கிக் கொடு என்று அவர் அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா கதிரையில் ஏறித் தானே இறக்கியிருக்கிறார். இவ்வளவும் அம்மா எனக்குச் சொன்னது அப்பாவை அங்கேயே தகனம் செய்த பிறகு.

அவரோடு கடைசியாகக் கதைத்த பின்னேரம், வாலில் ஒட்டவேண்டிய கடைசிப் படத்தையும் தண்ணீரில் ஊறவைத்து ஒட்டி முடித்திருந்தேன். போனில் அப்பாவின் முகம் சரிந்து கிடந்தது. மேசை தெரியவில்லை. உங்களுடையதைக் காட்டுங்கோ என்றேன். பிறகு காட்டுகிறேன் என்றார்.

"அப்ப நான்தான் வெண்டது."

"ஓம். நீதான் வெண்டது."

விமானத்தைத் தூக்கிப் போனுக்கு முன்னால் பிடித்தேன். வயிற்றுப் பக்கம், சிறகின் கீழ்ப்பக்கம், வால் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிக் காட்டினேன். காற்றாடியை ஊதிச் சுற்றினேன்.

"நல்ல வடிவாயிருக்கு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அதைக் கீழை வைச்சிட்டு உன்ரை முகத்தைக் காட்டு, பார்ப்பம்" என்றார்.

துவக்குக் குழாய்களை அவர் சரியாகப் பார்க்கவில்லை என்று எனக்குப் பட்டது. ஒவ்வொன்றையும் ஊசி முனையால் பெயின்ற் அடித்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் திருப்பினேன்.

"பிள்ளை, நீ எங்கை நிக்கிறாய்?"

"இஞ்சைதான் அப்பா, இதுக்குப் பின்னாலை" என்று சொல்லி, அவர் வடிவாகப் பார்க்கட்டும் என்று விமானத்தை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன்.