வெள்ளத்தில் வெடித்த துண்டு

பெற்றோல் காரில் புகையைச் சுத்தமாக்கும் கருவியே கொஞ்சம் அமோனியாவை உண்டாக்கிவிடும். அதை அகற்ற ஒரு வினையூக்கி செய்து, பீங்கான் துண்டொன்றில் பூசி, என் காரின் புகைக்குழாய்க்குள் பொருத்தியிருந்தேன். எவ்வளவு காலம் தாங்கும் என்று பார்க்கத்தான் காரைத் தினமும் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

மாரியில் ஒருநாள், முள்ளியவளைக்குப் பக்கத்தில் வீதியை வெள்ளம் மூடியிருந்தது. கொதிக்கும் குழாயில் தண்ணீர் பட்டால் பீங்கான் வெடித்துவிடும். பதறிக் காரைத் திருப்பினேன்.

கணவரைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு பெண் மறித்தார்.

"அக்கா, இவரைப் பாம்பு கடிச்சிட்டுது. மோட்டச்சைக்கிளும் தண்ணிக்குள்ள நிண்டுட்டுது. ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடுங்கோ."

ஆஸ்பத்திரி வெள்ளத்துக்கு அந்தப் பக்கம்.

"வேற வாகனம் ஒண்டும் வராதோ?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தார். கதவைத் திறந்துவிட்டேன்.

பாதி வெள்ளத்தில் காருக்கு அடியில் படாரென்று கேட்டது.

"என்னக்கா சத்தம்?"

"ஒண்டுமில்லை. அவரை நித்திரை கொள்ள விடாதேங்கோ."

கணவர் பிழைத்துக்கொண்டார். துண்டு நொறுங்கிப்போயிருந்தது.

இப்போது ஒவ்வொரு புதுத் துண்டையும் நன்றாகச் சூடாக்கி, வாளித் தண்ணீரில் போட்டுத்தான் சோதிக்கிறேன். இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் வெள்ளத்தைச் சொல்வேன், பாம்பைச் சொல்வேன். அந்தப் பெண்ணிடம் நான் கேட்ட கேள்வியை மட்டும் இன்றுதான் சொல்கிறேன்.