துளுக்காத கிடாய்

எங்கள் வீட்டில் புத்திசாலி யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. எனக்கு அறவே இருந்ததில்லை. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் நாலு தறி ஓடுகிற வீடு எங்களுடையது. நான் ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க். பத்தாம் வகுப்புப் படித்த அக்கா, எதைக் கேட்டாலும் கேட்டவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். தறிச் சத்தத்துக்கு நடுவில் வாழ்ந்த நாங்கள் கத்தித்தான் பேசுவோம், உடனுக்குடன் பேசுவோம். அவள் வாயெடுப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும்.

எங்களை எடைபோட்டுத் தீர்ப்புச் சொன்னவர் பெரியப்பா. நூல் வியாபாரம் செய்தவர். நூலை விரலில் உருட்டிப் பார்த்தே ரகத்தைச் சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படியே சொல்லிவிடலாம் என்று நம்பினார். வரும்போதெல்லாம் எங்கள் இருவரையும் நிற்கவைத்து மனக்கணக்குக் கேட்பார். அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் விடையைச் சொல்லிவிடுவேன். பாதி நேரம் அது தப்பாக இருக்கும். "சுறுசுறுப்பப் பாரு" என்று அதற்கும் மெச்சுவார். அக்கா சரியான விடையோடு தலை நிமிரும்போது அவர் காபி குடித்துக்கொண்டிருப்பார்.

அந்த வருடம் அரையாண்டுப் பரீட்சையில் அக்கா கணக்கில் ஃபெயிலானாள். பெரியப்பா மார்க்கைப் பார்த்துவிட்டு, "இந்தப் புள்ளைக்கு அந்த முனியப்பனே வந்து பரீட்ச எழுதுனாத்தான் உண்டு" என்றார். அவர் கேலியாகச் சொன்னதை அம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அன்று சாயங்காலமே விளக்கேற்றி, அக்கா பாஸானால் முனியப்பனுக்குக் கிடாய் வெட்டுவதாக வேண்டிக்கொண்டாள். அடுத்த சந்தைக்கு அப்பா போய் ஒரு கிடாய்க்குட்டியைப் பிடித்து வந்தார். நல்ல கறுப்பு, நெற்றியில் மட்டும் ஒரு வெள்ளைச் சுட்டி.

அதை வளர்க்கும் வேலை அக்காவின் தலையில் விழுந்தது. தழை ஒடித்துப் போடுவாள், கொட்டாயைக் கூட்டுவாள். அவள் தரையில் உட்கார்ந்து படித்தால் அது மடியில் தலைவைத்துப் படுத்துக்கொள்ளும். பாடத்தை அதனிடம்தான் சொல்லிப் பார்ப்பாள். அது அவளை அவசரப்படுத்தவில்லை. இரண்டும் பொருத்தமான ஜோடி என்று வீட்டில் எல்லோரும் சிரித்தோம்.

கடைசிப் பரீட்சை எழுதிய மறுநாள் காலையில் அக்கா கிடாயைத் தண்ணீர்த் தொட்டிக்கு இழுத்துப்போய்க் குளிப்பாட்டினாள். என்னைச் சொம்பில் மொண்டு ஊற்றச் சொல்லி, அவள் அதன் கழுத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஆட்டுக்குத் தண்ணீர் என்றால் ஆகாது. முதல் சொம்புக்கே உடம்பை உதறி எங்கள் இருவரையும் நனைத்துவிட்டு ஓடியது. எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

"காதுல தண்ணி போனாத்தான் ஆடு இன்னும் நல்லா ஒதறும். எங்க டீச்சர் சொன்னாங்க."

"அப்படியா அம்மிணி?" என்று அக்கா கண்ணை அகல விரித்தாள். இவளுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்குப் பாவமாக இருந்தது.

அந்த லீவு முழுக்க இதே கூத்து. காலையிலும் குளியல், சாயங்காலமும் குளியல். கொஞ்ச நேரம் என்னை ஊற்றவிட்டு, "நீ போயி டிவி பாரு" என்று அனுப்பிவிட்டு அவள் மட்டும் தொட்டியடியில் இருப்பாள். "ஆட்டக் குளிப்பாட்டிக்கிட்டுத் திரியறவள எவன் கட்டுவான்" என்று அம்மா புலம்பினாள். எனக்கும் அந்த விளையாட்டு அலுத்துப்போயிற்று, ஏனென்றால் போகப் போகக் கிடாய் ஓடுவதை நிறுத்திவிட்டது.

ரிசல்ட் வந்தது. அக்கா பாஸ். கணக்கிலும் பாஸ். அம்மா கோயில் இருந்த திசை பார்த்துத் தரையில் விழுந்து கும்பிட்டாள். "முனியப்பன் லேசுப்பட்ட ஆளில்ல" என்றார் பெரியப்பா. அக்கா குதிக்கவில்லை, அழவில்லை, ஆச்சரியப்படக்கூட இல்லை. பாஸானதே இவளுக்கு உறைக்கவில்லை என்று பேசிக்கொண்டோம். வெகுநேரம் கழித்து அவள், "அப்ப நான் எழுதுனது?" என்று கேட்டாள். அதற்குள் எல்லோரும் கிடாய் வெட்டுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதே பேச்சில் இன்னொன்றும் முடிவானது. மேலே படிக்க வைப்பதா என்று அப்பா மெதுவாக ஆரம்பித்தார். "பிளஸ் ஒன்னுக்கு ஒரு கெடா, பிளஸ் டூக்கு ஒரு கெடாயா? சாமிய எத்தன வாட்டி தொந்தரவு பண்ணுவ? தறியில நிக்கட்டும்" என்றார் பெரியப்பா. அண்ணன் பேச்சுக்கு எதிர்ப்பேச்சுப் பேசி அப்பாவுக்குப் பழக்கமில்லை. அக்கா அன்று ராத்திரி சாப்பிடவில்லை. கிடாயை வெட்டப்போகிறார்களே என்று வருத்தம் போல என நினைத்துக்கொண்டேன்.

கிடாய் வெட்டுக்கு உறவுகள் எல்லாம் வந்திறங்கின. கோயிலடியில் அடுப்பு மூட்டி, மசாலா அரைத்து, வெங்காயம் உரித்துத் தயாராக இருந்தார்கள். ஆனால் கிடாய் துளுக்கினால்தான் வெட்டலாம் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மஞ்சள் தண்ணீரை அதன் மேல் ஊற்றுவார்கள். அது சிலிர்த்து உடம்பை உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம். உதறாவிட்டால் அரிவாள் இறங்காது.

பூசாரி ஊற்றினார். கிடாய் சும்மா நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார். இன்னும் கொஞ்சம் ஊற்றினால் தேவலை என்பதுபோல் அது கண்ணை மூடிக்கொண்டது.

"ஆரு மனசுலயாச்சும் கொற இருந்தாச் சொல்லிப்போடுங்க சாமி" என்றார் பூசாரி.

கூட்டம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டது. அத்தை முன்னால் வந்து, அம்மாவிடம் இரவல் வாங்கிய பட்டுச்சேலையில் கறை பட்டதைச் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிட்டதாக ஒப்புக்கொண்டாள். மாமா ஒருவர், எப்போதோ ஒரு கல்யாணத்தில் தன்னை யாரும் வாங்க என்று கேட்கவில்லை என்ற பழைய கோபத்தைக் கொட்டினார். கடைசியில் பெரியப்பாவே தொண்டையைச் செருமிக்கொண்டு, அப்பாவுக்குப் போன தீபாவளியில் கொடுத்த நூல் சொன்ன ரகமில்லை என்றார். கிடாய் எதற்கும் அசையவில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, "காதுல ஊத்துங்க" என்றேன். "இதல்லவா புள்ள" என்று பெரியப்பா சொம்பைத் தானே வாங்கி ஊற்றினார். நான் பெருமையோடு அக்காவைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவளுடைய கை பாவாடையை இறுகப் பிடித்திருந்தது. கிடாய் தலையைச் சாய்த்தது. காதிலிருந்து தண்ணீர் வடிந்தது. பிறகு பூசாரியின் கையிலிருந்த மாலையை எட்டி ஒரு வாய் தின்றது.

"இது மந்த ஆடு. சாமி கேக்கறதே இதுக்குப் புரியல. வளத்தவளாட்டவே இருக்குது" என்றார் பெரியப்பா. சிலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பூசாரிக்கு ஊற்றி ஊற்றிக் கை ஓய்ந்திருந்தது. "அதில்லீங்க. இது நாஞ்செஞ்ச காரியமில்ல, எனக்கு எதுக்குக் கெடான்னு சாமி சொல்லுதாட்ட இருக்குதுங்க" என்றார்.

"அப்பறம் ஆரு செஞ்சதுங்க?"

கேட்டது அப்பா. அவர் குரலே அன்று புதிதாக இருந்தது. ஒவ்வொருவராகத் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். அவள் வழக்கம்போல நேரம் எடுத்துக்கொண்டாள். அன்று மட்டும் யாரும் பேச்சை மாற்றவில்லை.

"நான் படிச்சனுங்கப்பா" என்றாள்.

அரைத்த மசாலாவுக்கு அன்று கறிக்கோழிதான் வாங்கி வந்தார்கள். மறுநாள் அப்பா அக்காவை வண்டியில் உட்காரவைத்து, பிளஸ் ஒன் சேர்க்கப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். பெரியப்பா போகிற இடமெல்லாம், தன் ஆயுசில் அப்படி ஒரு மந்த ஆட்டைக் கண்டதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாமியே வேண்டாம் என்ற கிடாயை யாரும் தொடத் துணியவில்லை. அது எங்கள் கொட்டாயிலேயே தாடி வளர்த்து, கிழடாகிச் செத்தது.

போன மாதம் என் மகனைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தலையில் தண்ணீர் பட்டாலே ஊரைக் கூட்டியவன், இப்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சுகமாக உட்கார்ந்திருக்கிறான். அவன் முகத்தைப் பார்த்ததும் என் கையிலிருந்த தண்ணீர் மக்கு அப்படியே நின்றது. எனக்கு அந்த முகத்தைத் தெரியும், கோயிலடியில் பார்த்தது. ஈரக் கையோடு, மேட்டூரில் வேலையாக இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, அந்த லீவுக் குளியல்களைப் பற்றிக் கேட்டேன்.

அவள் வெகுநேரம் சிரித்தாள்.

"காதுக்குமா பழக்கி வெச்ச?" என்றேன்.

"ஒனக்குத் தெரிஞ்சத நீ நாலு பேர்த்துக்குச் சொல்லாம இருப்பியா அம்மிணி?"

நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். பையனுக்குத் தலை துவட்டும்போதுதான் இன்னொன்று தோன்றியது. அவள் கிடாயைக் குளிப்பாட்ட ஆரம்பித்தது ரிசல்ட் வந்த பிறகு அல்ல, பரீட்சை முடிந்த மறுநாளே. ஃபெயிலாகியிருந்தால் அந்தக் கிடாயை யாரும் வெட்டப்போவதில்லை. அம்மாவும் பெரியப்பாவும் முனியப்பனை நம்பிக் காத்துக்கொண்டிருந்த அந்த லீவு முழுக்க, தான் பாஸ் என்று தெரிந்த ஒருத்தி தொட்டியடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நின்று சொம்பில் மொண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன்.