ரஹமத் பீவி தேய்க்கச் சொன்ன அம்பர் மணி

சேலம் கோட்டைப் பக்கம் ரஹமத் பீவி சிரித்தால் மூன்றாம் வீட்டுத் தொட்டிலில் பிள்ளை விழித்துக்கொள்ளும். அப்படியொரு சிரிப்பு! நிக்காஹ் முடிந்த மறுநாளே அந்தச் சிரிப்பில் கிறங்கிப்போனார் அவள் புருஷன் அன்வர் பாட்சா. மேச்சேரி ஆட்டுத்தோல் வியாபாரி. யுத்தத்துக்கு முன்னால் ரங்கூன் போனவர், அவளுக்கென்றே தொழுது முடித்து உருட்ட ஓர் அம்பர் தஸ்பீ மாலை வாங்கி வந்தார். மரப்பிசின் மண்ணுக்குள் கிடந்து இறுகிய தேன்நிற மணிகள்.

வந்தது வினை. ஒரு மணிக்குள் அழுக்குப்போல ஒரு புள்ளி. பீவி அரப்புப் போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். போவேனா என்றது. நாத்தனார் ஷாஜாதி சும்மா இருப்பாளா?

"கண்ணாடி மணிங்க அண்ணி! எங்கண்ணன் தலையில நல்லா மொளகா அரைச்சுப்போட்டாங்க!"

தெருவே சிரித்தது. பாவம் மனுஷன், சோற்றில் கை வைக்காமல் எழுந்துபோனார். பீவிக்குப் பொறுக்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டாக்டரம்மா சௌந்திரத்திடம் ஓடினாள். காய்ச்சல்காரர் ரத்தம் பார்க்கிற மைக்ராஸ்கோப் அங்கேதான் இருந்தது.

"உள்ள என்னன்னு தெரியோணும்னா மணிய மெல்லுசாத் தேய்க்கோணும். மணி போயிரும். பரவால்லீங்களா?" என்றார் டாக்டரம்மா.

புருஷன் கொடுத்த மணி! பீவி அதை முந்தானையில் ஒரு தடவை துடைத்து நீட்டினாள்.

"தேயுங்க டாக்டரம்மா. அவரு சோறு திங்கோணும்!"

சாணைக்கல்லில் தேய்த்த சில்லைக் கருவியில் வைத்துப் பார்த்த டாக்டரம்மா துள்ளிவிட்டார்.

"அட சாமி! அழுக்கில்லீங்க பீவி. குட்டைத் தண்ணியில கண்ணுக்குத் தெரியாம நீந்துமே, அந்தச் சாதி உசுரு! ஒரு சொட்டுத் தண்ணியோட பிசின் மூடிப்போட்டுது. காத்துப் படாம, அழுகாம, ஊறுகாயாட்டம் அப்படியே கெடக்குது. மனுசப் பொறப்பே இல்லாத காலத்துது! கண்ணாடி உருக்கற சூட்டுல இது கருகியிருக்கும். இது அசல் பிசினுங்க!"

பீவி எட்டிப் பார்த்தாள். உருண்டையாய், ஓரமெல்லாம் பொடி முடியோடு ஒன்று. அதற்குமேல் கால் தரையில் நிற்குமா? சிரித்துக்கொண்டே ஓடிப்போய்ப் புருஷனைக் கையோடு இழுத்து வந்தாள். அவரும் கண்ணை இடுக்கிப் பார்த்தார்.

"மணி போச்சே புள்ள!"

"போனாப் போகுதுங்க. நீங்க ஏமாறலீங்க!"

அன்று மத்தியானம் அவர் கேட்டுக் கேட்டுத் தின்றார். பரிமாறியவள் ஷாஜாதிதான்.

மணி போன இடத்தில் பீவி ஒரு புளியமுத்தைக் கோத்துக்கொண்டாள். தலை நரைத்த பிறகும், தொழுது முடித்து மாலையை உருட்டுகையில் விரல் அதில் பட்டால் போதும், சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிடும். உள்ளேயிருந்து அன்வர் பாட்சா குரல் கொடுப்பார்:

"என்ன புள்ள, புளியமுத்து வந்துருச்சா?"