ஊருக்கெல்லாம் சனியைக் காட்டியவன்

வானம் காட்டுகிற தொழிலில் சம்பளம் கிடையாது, போனஸ் கிடையாது, முதலாளி யார் என்று கேட்டால் மேகத்தைத்தான் காட்ட வேண்டும். சுங்கைப்பட்டாணியில் எங்கள் வானியல் கழகத்தில் மொத்தம் ஒன்பது பேர். நான் பகலில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பொழுது சாய்ந்ததும், கழகத்து மணியம் அண்ணனின் லோரியில் மூன்று தொலைநோக்கிகளை ஏற்றிக்கொண்டு ஏதாவது ஒரு திடலுக்குப் போவோம். "வாங்க, வந்து பாருங்க, இலவசம்" என்று கூவுவோம். மீன்காரர் கூவினால் கூடையில் மீனாவது இருக்கும். நாங்கள் கூவி முடிப்பதற்குள் சரக்கை மேகம் மூடியிருக்கும். மழை வருமா வராதா என்று அண்ணாந்து பார்த்தே பிழைப்பை ஓட்டுகிற பாசார் மாலாம் இரவுச் சந்தை வியாபாரிகளே, கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிறவர்களே, என் வேதனை உங்களுக்குப் புரியும்.

இன்னொரு வேதனையும் உண்டு. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? நான் சனிக் கிரகத்தைக் காட்டப் புறப்படுகிற அதே சனிக்கிழமை, அதே நேரத்தில், என் மனைவி விஜயா சனி பகவானுக்கு எள் விளக்குப் போடக் கோயிலுக்குப் புறப்படுவாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். பிள்ளை இல்லை. பினாங்குவரை போய்ப் பார்த்தோம். எங்கள் இருவரிடமும் ஒரு குறையும் இல்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். குறையே இல்லையென்றால் கோபத்தை யார்மேல் வைப்பது? விஜயா சனிமேல் வைத்தாள்.

ஊரே கண்ணை வைத்துப் பார்த்த என் தொலைநோக்கியில் அவள் ஒருத்தி மட்டும் பார்த்ததில்லை. அவள் நம்பிக்கையை மாற்ற வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. நான் பார்த்து வாயைப் பிளந்த ஒன்றை, ஒரே ஒரு தடவை, என் பக்கத்தில் நின்று அவளும் பார்க்க வேண்டும். அவ்வளவுதான். வானம் காட்டத் தொடங்கிய நாளிலிருந்து, பதினொரு வருஷமாக, அதற்குத்தான் காத்திருந்தேன்.

மூடிக்கொண்ட வானம்

பாக்கார் ஆராங் திடலில் ஒருநாள் அறுபது பேருக்குமேல் கூடிவிட்டார்கள். சுற்றியிருக்கும் வரிசை வீடுகளிலிருந்து பாய், மடக்கு நாற்காலி, கொசுவர்த்தி சகிதமாக வந்திருந்தார்கள். ஏழே முக்காலுக்கு வானத்தை மேகம் மூடியது. எட்டரைக்கும் அப்படியே இருந்தது. நான் ஒரு மன்னிப்பு உரை நிகழ்த்தினேன். அது எனக்கு மனப்பாடம். அந்த உரையைப் பேசிய அளவுக்கு நான் வியாழனைப் பற்றிக்கூடப் பேசியதில்லை.

ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. யாரோ பீசாங் கோரேங் என்கிற வாழைப்பழப் பஜ்ஜி வாங்கி வந்து பாய்க்குப் பாய் நீட்டினார்கள். ஒரு வீட்டிலிருந்து தேநீர் வந்தது. யார் எந்தக் கொம்பெனி, யாருக்கு எந்த ஷிப்டு என்றெல்லாம் பேச்சு ஓடியது. ஒன்பதரைக்கு நாங்கள் எதையும் காட்டாமலே தொலைநோக்கியைக் கழற்றினோம். எனக்கு அழுகை வராத குறை. கைலியோடு வந்திருந்த ஒருவர், பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என் தோளைத் தட்டினார்.

"கவலப்படாதீங்கலா. ஒம்பது வருஷமா பக்கத்து வீட்டுக்காரரு வாசல்ல நிக்கிற காடிய மட்டுந்தான் பாத்திருக்கேன். இன்னைக்குத்தான் அவரு பேரக் கேட்டேன்."

கோத்தா கோலா மூடாவில் நடந்த அவமானம்

எங்கள் பெரிய தொலைநோக்கிக்கு மோட்டார் கிடையாது. பூமி சுற்றுவதால் ஒரு கிரகம் இரண்டு நிமிஷத்தில் பார்வையிலிருந்து நழுவிவிடும். பக்கத்தில் நிற்பவர் குழாயை விரலால் மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். கோத்தா கோலா மூடாக் கடற்கரையில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர்கள் வந்திருந்தார்கள். வியாழனைக் குறிவைத்துக் கொடுத்துவிட்டு, நான் அதன் நான்கு பெரிய நிலாக்களைப் பற்றி உற்சாகமாகப் பேச ஆரம்பித்தேன். பேச்சு சுகத்தில் விரலை மறந்துவிட்டேன்.

வரிசை நகர்ந்தது. "அழகா இருக்கு" என்றார் ஒருவர். "ஐயோ, சூப்பர்லா" என்றார் அடுத்தவர். ஓர் அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். இருபது பேராவது பார்த்திருப்பார்கள். பெருமை தாங்காமல் நானும் ஒரு கண் வைத்தேன். உள்ளே வெறும் இருட்டு. வியாழன் எப்போதோ போய்விட்டது. எனக்குக் காது சுட்டது. கடைசியாக "சூப்பர்" சொன்ன மீன்பிடிப் படகுக்காரரைத் தனியே அழைத்து, "உண்மையைச் சொல்லுங்க, உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சுச்சா?" என்றேன். அவர் சங்கடத்தோடு மணலைக் காலால் கிளறினார்.

"அண்ணே, அவ்ளோ தூரத்துலருந்து இவ்ளோ பெரிய சாமானத் தூக்கிட்டு வந்திருக்கீங்க. ஒண்ணும் தெரியலன்னு எப்படிண்ணே வாயால சொல்றது?"

இதை வீட்டில் சொன்னபோது விஜயா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும், "அடுத்த வாட்டி நீயும் வாயேன்" என்றேன். அவள் எள்ளைக் கறுப்புத் துணியில் வைத்து முடிந்துகொண்டே சொன்னாள்.

"உங்களுக்கு அது கெரகம். எனக்கு அப்படி இல்லீங்க."

கேட்டை

நட்சத்திரம் கேட்டு வருகிறவர்கள் நிறைய. "தம்பி, என் மகன் ரோகிணி, காட்டு" என்பார்கள். காட்டிவிடலாம். ஜாதகத்தில் இருக்கும் பெயர்கள் எல்லாம் வானத்தில் நிஜமாக எரிகிற நட்சத்திரங்கள்தான் என்பது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்.

ஒருநாள் ஒரு கிளினிக் தாதி வந்தார். வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்திருந்தார். நாற்பதை நெருங்குகிற வயது. வரிசையில் நிற்காமல் ஒதுங்கியே இருந்தவர், கூட்டம் குறைந்ததும் என்னிடம் வந்து, கேட்டை எங்கே இருக்கிறது என்று மெதுவாகக் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. கேட்டையில் பிறந்த பெண் மாப்பிள்ளையின் அண்ணனுக்கு ஆகாது என்பார்கள். அந்த ஒரு பெயரைச் சொல்லியே எத்தனையோ வீடுகளில் தாம்பூலத் தட்டு திரும்பியிருக்கிறது.

தெற்கே திருப்பிக் காட்டினேன். அந்த நட்சத்திரம் சிவப்பு. நம் சூரியனைப் போலப் பல நூறு மடங்கு பெரியது. அவர் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. நானும் அவசரப்படுத்தவில்லை. அவருக்காக நகர்த்தி நகர்த்திக் கொடுத்தேன். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது, கண் மட்டும் கலங்கியிருந்தது.

"பதினாலு வீட்டுல வேணாம்னு சொன்னது இதையாண்ணே? எவ்ளோ அழகா இருக்குலா!"

சுங்கை லாலாங்

சுங்கை லாலாங் தோட்டப் பள்ளித் திடல்தான் எங்களுக்குக் கிடைத்த நல்ல இருட்டு. சுற்றிலும் செம்பனை. தெருவிளக்குத் தொல்லை இல்லை. அங்கே ராஜம்மா என்று ஓர் அம்மா வந்தார். முன்பு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை. தொலைநோக்கியில் ஒரு தடவை பார்த்து, "ம், சரி" என்று நகர்ந்துவிட்டார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். சற்று நேரம் கழித்துப் பார்த்தால் அவர் திடல் நடுவில் நின்று, வெறும் கண்ணால் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்து வலிக்கும், நாற்காலி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

"இருவத்தாறு வருஷம் விடியங்காட்டி நாலு மணிக்கு நெத்தியில லைட்டக் கட்டிக்கிட்டு வேலக்கிப் போனேன் தம்பி. மரத்தத்தான் பாத்தேன். இத்தனையும் மேலதான் இருந்திருக்கு, ஒரு நாளு நிமிரல."

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பும்போது லோரியில், தலைக்குமேல் இருப்பதைப் பார்க்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு வந்தேன். எண்ணிக்கை எங்கே தொடங்கினாலும் என் வீட்டு வாசலில்தான் வந்து நின்றது. மணியம் அண்ணன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு ரேடியோவை அடைத்தார்.

"தங்கச்சிய நீ கூப்புடுறது சரி. ஆனா கோயிலுக்கு ஒரு நாளாச்சும் நீ கூட போயிருக்கியா?"

போனதில்லை. அடுத்து வந்த மேகமூட்டமான சனிக்கிழமை ஒன்றில் போனேன். அவள் விளக்கை ஏற்றிவிட்டு, சந்நிதிக்குப் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கும்பிட்டாள். நான் தூணோரமாக நின்றேன். அவள் உதடு அசைவதைப் பார்த்தபோது, எங்களிடம் வந்து சேராத பிள்ளைக்காக நானும் கையைக் கூப்பினேன். திரும்பும் வழியில் இருவரும் கடையில் பசியாறினோம்.

விளக்குப் போட இடமில்லாத நாள்

பிறகு கோயிலில் கும்பாபிஷேகத்துக்குத் திருப்பணி தொடங்கியது. நவக்கிரகச் சந்நிதியைச் சுற்றித் தகரம் அடைத்துவிட்டார்கள். விஜயா போன வேகத்தில் திரும்பி வந்தாள். நானும் மணியம் அண்ணனும் லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தோம். கையில் எள் முடிப்போடு அவள் கேட்டருகே நின்றாள். "இன்னைக்கு எங்கீங்க?" என்றாள். பாக்கார் ஆராங் என்றேன். "இதப் போட எடமில்ல. நானும் வரட்டா?" என்றாள். தூக்கிய பெட்டியோடு நான் அப்படியே நின்றுவிட்டேன். மணியம் அண்ணன்தான் கதவைத் திறந்துவிட்டார்.

திடலில் என்னை எல்லோருக்கும் பயம். இருட்டுக்குப் பழகிய கண்ணில் வெள்ளை வெளிச்சம் பட்டால் ஒன்றும் தெரியாது என்பதால், கைப்பேசியை யார் எடுத்தாலும் "லைட்ட அடைங்க!" என்று குரைப்பேன். அப்படிப்பட்டவனிடம் விஜயா, "இங்க ஏத்தலாமா?" என்று கேட்டாள். ஏற்று என்றேன். கால்பந்துக் கோல் கம்பத்தின் அடியில் அவள் விளக்கை வைத்தாள். வரிசையில் நின்றவர்கள் கண்ணில் வெளிச்சம் படாமல் மணியம் அண்ணன் போய் அதை மறைத்துக்கொண்டு நின்றார்.

சனியைக் குறிவைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டேன். இரண்டடி வந்தவள் நின்றுவிட்டாள். "நேருக்கு நேரா பாக்கக் கூடாதுங்க. பக்கவாட்டுல நின்னுதான் பாக்கணும்." எத்தனை ஆயிரம் பேருக்கு அந்தக் குழாயைக் காட்டியிருக்கிறேன்! இது எனக்குத் தோன்றியதே இல்லை. "விஜி, இதுல பக்கவாட்டுல நின்னாத்தான் தெரியும்" என்றேன். உள்ளே ஒரு கண்ணாடி வெளிச்சத்தைத் திருப்பிப் பக்கத்துத் துளைக்கு அனுப்புகிறது. சனி மேற்கே இருந்தால் நாம் தெற்கே பார்த்து நிற்க வேண்டும். அவள் குழாயைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், நான் கதை அளக்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள்.

கிரகம் கண்ணில் பட்டதும் பார்ப்பவர்களுக்கு ஒரு நொடி மூச்சு நிற்கும். பக்கத்தில் நிற்கிற எங்களுக்கு அது தெரியும். அவளுக்கும் நின்றது. நழுவ நழுவ நகர்த்திக் கொடுத்தேன். வரிசையில் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. நிமிர்ந்தவள் கண்ணைத் துடைக்கவில்லை. கண்ணீர் பட்டு நனைந்துவிட்ட லென்சைத்தான் துப்பட்டாவால் துடைத்தாள். லென்சைத் துணியால் துடைக்கவே கூடாது. வேறு யாராவது செய்திருந்தால் திடலே அதிர்ந்திருக்கும். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாவங்க. தனியா, இத்துனூண்டா, அது பாட்டுக்கு நிக்கிது. அதுக்கு நம்மள யாருன்னே தெரியாது. நாந்தான் இத்தன வருஷமா அது மேல பழியப் போட்டுட்டேன்."

பதினொரு வருஷம் ஊருக்கெல்லாம் வானத்தைக் காட்டியதில் எங்கள் வீட்டுக்குப் பிள்ளை வரவில்லை, சனிக்கு மட்டும் மன்னிப்புக் கிடைத்தது.