சில்க்போர்க்கில் மூன்று மணிவரை

வெள்ளிக்கிழமை காலை பத்தே முக்காலுக்கு டென்மார்க்கின் ஹேர்னிங் நகரிலிருந்து காரில் புறப்பட்டோம். சில்க்போர்க் நாற்பது கிலோமீற்றர். பக்கத்து இருக்கையில் என் மனைவி செல்வி. வயிற்றில் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டு மாதமாகியும் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திங்கட்கிழமை நிறுக்கும்போது நிறை இன்னும் குறைந்திருந்தால் மூக்கு வழியாகக் குழாய் போடவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனக்கு உள்ளூர ஒரே பயம்.

எங்களை வரச்சொன்னவர், செல்வியோடு முதியோர் இல்லத்தில் வேலைசெய்யும் மரீனா. எகிப்திலிருந்து வந்த கொப்டிக் கிறிஸ்தவர். பசியைத் தூண்டும் கைவைத்தியம் தங்களிடம் உண்டு என்று டேனிஷில் எழுதியிருந்தார். வெறுங்கையோடு போகலாமா? கத்தோலிக்கரான எங்களுக்கும் அது தவக்கால வெள்ளி, இறைச்சி ஆகாது. ஆகவே நான் மகா கெட்டித்தனமாக இருபது மீன் கட்லட் பொரித்து எடுத்துக்கொண்டேன்.

பதினொன்றரைக்கு மரீனா பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர்களுடைய தவக்காலத்தில் மீனும் கூடாதாம், பால், முட்டையும் கூடாதாம். போதாததற்குப் பிற்பகல் மூன்று மணிவரை அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாது. எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

நோயாளிக்கு மட்டும் விலக்கு உண்டு. வெந்தயம் அவித்த தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து செல்வியிடம் கொடுத்தார். அவள் இரண்டு மிடறோடு கோப்பையை வைத்துவிட்டாள். நான் வழக்கம்போலப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இன்னுமொரு மிடறு குடியுமப்பா."

"இஞ்சாருங்கோ, விடுங்கோ. அவை ஒருத்தரும் வாயிலை ஒண்டும் வைக்கேல்லை. நானும் மூண்டு மணிக்கே சாப்பிடுறன்."

நான் கோப்பையைக் கையில் எடுத்தேன். மரீனா கண்ணைக் காட்டி என்னை இருத்தினார்.

மரீனாவின் கணவர் பெயர் கிர்கிஸ். தேவாலயத்தில் வாசகம் வாசிப்பவர். வெங்காயம், உள்ளிப்பூண்டு, சீரகம் எல்லாம் கொப்டிக் மொழியின் பழைய மருந்துக் குறிப்புகளிலேயே இருக்கின்றன என்றார். "ஆனால் ஆஸ்பத்திரி மருந்தை நிறுத்தவேண்டாம்," என்று இரண்டு தடவை சொன்னார்.

இரண்டரைக்கு மரீனா எண்ணெயில் உள்ளியையும் சீரகத்தையும் தாளித்துப் பருப்பில் கொட்டினார். வாசனை வீட்டை நிறைத்தது. யாரும் எழும்பவில்லை. செல்வி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் பார்த்தாள்.

"இன்னும் பத்து நிமிசம் கிடக்கு," என்றாள் என்னிடம், முறைப்பாடு சொல்வது மாதிரி.

மூன்று மணிக்குச் செபம். பிறகு எல்லோரும் ரொட்டியைப் பிய்த்தார்கள். யாரும் செல்வியின் பருப்புக் கோப்பையைப் பார்க்கவில்லை. அதை முடித்துவிட்டு அவள் தானாகவே இன்னும் கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சீறினேன். தடிமன் என்று சமாளித்தேன்.

நாலரைக்கு விடைபெற்றபோது மரீனா வெந்தயமும் சீரகமும் பொதி செய்து தந்தார். அரபுக் கடையில் பொதி இருபது குரோனர். இரண்டும் எங்கள் குசினியில் எப்போதும் இருப்பவைதான். ஆனால் அங்கே இரண்டு மாதமாக நான் கரண்டியோடு அவள் முன்னால் நின்றிருக்கிறேன். பசிக்க ஒரு மணி நேரமாவது அவளுக்குக் கொடுத்ததில்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது.

இக்காஸ்ட் தாண்டும்போது செல்வி கண் விழித்தாள்.

"இரவைக்கு என்ன சாப்பாடு?"

'இப்பவே ஏதாவது சாப்பிடும்' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். "ஏழு மணியாகட்டும், பாப்பம்," என்றேன்.

"ஏழு மணி மட்டும் என்னாலை பொறுக்கேலாது."